மருந்து ஊற்றிய தொட்டிகள்

மாடித் தொட்டிகளைச் சுற்றிப் பார்த்த அண்ணிக்கு முகமெல்லாம் பல். "செடிக்கெல்லாம் கல்யாணக் களை வந்துடுச்சு தம்பி. உங்களுக்குத்தான் இன்னும் வரல."

பயிற்சிக்கென்று அவள் வெளியூர் போயிருந்த மாதங்களில் அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றியவன் கொழுந்தன். பூச்சிமருந்துக் கடையில் வேலை. "தண்ணி மட்டும் போதும், வேற எதுவும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள். திரும்பி வந்ததும், தான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடம் வரை அவன் புகழைப் பரப்பினாள்.

தொட்டிகளில் இருந்தது புண்ணுக்கு அரைத்துப் போடும் மூலிகை. அதன் இலைக்குள்ளே, செடிக்கு ஒரு தொந்தரவும் தராமல் குடியிருந்த வெள்ளைப் பூஞ்சையை அவள் கண்டுபிடித்திருந்தாள். இலையின் மேற்புறத்தைச் சுத்தம்செய்து நறுக்கி ஆய்வுக்கூடத் தட்டில் வைத்தால், வெட்டிய இடத்திலிருந்து பஞ்சுபோல எட்டிப்பார்க்கும். சீழ் பிடிக்கவைக்கும் கிருமி அதன் பக்கம் தலைகாட்டாது. புண்ணை ஆற்றுவது இலையா, உள்ளிருக்கும் பூஞ்சையா? அதுதான் அவள் ஆராய்ச்சி. வளர்த்து வைத்திருந்த பூஞ்சை, குளிர்பெட்டி பழுதாகி வீணாய்ப் போயிருந்தது. போனால் போகிறது, செடி இருக்கிறதே என்று தெம்பாகத்தான் இருந்தாள்.

புது இலைகளை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் முளைக்கவில்லை. மறுபடி வைத்தாள். தட்டு துடைத்துவிட்டாற்போல இருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டில் அவள் கையே வைக்கவில்லை. "முன்னாடி வந்தது காத்துல வந்த தூசியாம், எங்க ஆய்வுக்கூடத்துப் பெரியவர் சொல்றார். இல்லேன்னா நானே எங்கிருந்தோ எடுத்து வச்சிருப்பேனாம். திங்கக்கிழமை பதில் சொல்லணும்."

"விடு, வேற செடி பாத்துக்கலாம்" என்றான் அண்ணன்.

"செடி போனா பரவால்லங்க. என் பேருல்ல போகுது."

கொழுந்தன் தட்டை நகர்த்தி வைத்தான். இலையில் பழுப்புப் புள்ளியைக் கண்டதும், கடையில் இருந்ததிலேயே நல்ல பூஞ்சைக்கொல்லியாக எடுத்து வந்தவன் அவன். தெளித்ததோடு நிறுத்தியிருக்கலாம். அரைகுறை வேலை ஆகாத கை, வேரிலும் ஊற்றியது. செடியின் உள்ளெல்லாம் பாயும் மருந்து என்று கடைக்கு வருகிறவர்களிடம் அவனே அடித்துச் சொல்லுவான். அண்ணி மெச்சிய அன்றே சொல்லியிருக்கலாம். மெச்சியது இனித்தது, வாயை மூடிக்கொண்டான். தட்டு வெறுமையாக இருக்கிறது என்று முதலில் கேட்டபோதே காரணம் உறைத்தது. அப்போதும் மூடிக்கொண்டான்.

"அண்ணி, செடிக்கு நான் மருந்து அடிச்சேன். வேர்லயும் ஊத்தினேன்." மருந்தின் பெயரையும் சொன்னான்.

திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் தேவலை.

"ஒரு தொட்டி கூட விடலையா?"

"ஒண்ணு தேறாதுன்னு பட்டுது, அதுக்கு மட்டும் ஊத்தல. அத அப்பவே குப்பைல போட்டுட்டேன்."

அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

"திங்கக்கிழமை நானே வந்து சொல்றேன் அண்ணி."

"நம்பணுமே. கொழுந்தனுக்குச் சொல்லிக்குடுத்துக் கூட்டியாந்திருக்கான்னுவாங்க. உங்கள அவ்வளவு புகழ்ந்து வச்சிருக்கேன் அங்க." குரல் தணிந்தது. "தெனமும் என் எதிர்லதானே உக்காந்து சாப்பிட்டீங்க தம்பி."

அண்ணன் தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினான்.

"மருந்து பாட்டில் மிச்சம் இருந்தா எடுத்துட்டு வாங்க" என்று எழுந்தாள் அண்ணி. "திங்கக்கிழமை நிறையக் கேப்பாங்க. எதையும் விடாம சொல்லணும்."