நாளை மாலை ஆறு மணிக்கு

பத்திரிகை ஆபீஸில் ‘நாளை’ என்ற சொல் ஆளைக் கவிழ்த்துவிடும். வியாழக்கிழமை நான் எழுதுவதை ஊர் வெள்ளிக்கிழமை காலையில்தான் படிக்கும். அதனால் வெள்ளிக்கிழமை நிகழ்ச்சிக்கு வியாழக்கிழமையே ‘இன்று’ என்று எழுத வேண்டும். இதற்குப் பட்டம் எதுவும் தேவையில்லை. பட்டம் வாங்கிய நான்தான் தப்பாக எழுதினேன்.

நான்காம் பக்கத்தில் ‘நகரில் நிகழ்ச்சிகள்’ என்ற பத்தி என் பொறுப்பு. ஓவியக் கண்காட்சி, பாட்டுக் கச்சேரி, கடற்கரைச் சாலையில் மணல் சிற்பப் போட்டி. வசதியான வீட்டுப் பெண் மூன்று படகு வரைந்தால் படத்தோடு போடுவோம். படகில் வந்து இறங்கும் இறாலை உரிக்கிற பெண்கள் நாடகம் போட்டால் மூன்று வரி. அந்த மூன்று வரிக்கே நான் சண்டை போட்டேன்.

மொத்தம் பதினோரு பெண்கள், எல்லோரும் மீன் பதப்படுத்தும் கம்பெனியில் வேலை. நாடகத்தின் பெயர் ‘ரெண்டு தடவை’. ஒரு ஷிப்டுக்கு இரண்டு தடவைதான் கக்கூஸ் போக விடுவார்கள், அதுதான் கதை. மீசை ஒட்டிக்கொண்டு சூப்பர்வைசராக நடித்தது என் அம்மா. பத்தொன்பது வருஷம் ஐஸ் தண்ணீரில் கை வைத்து என்னைப் படிக்க வைத்தவள். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

நாடகத்தை எழுதிய அக்காவை எல்லோரும் டீச்சர் என்பார்கள். எட்டாவதுதான் படித்தவள். கூட்டத்தில் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் அந்தப் பெயர். துறைமுகச் சாலை அரங்கத்தின் செயலாளரிடம் ஏழு முறை நடந்து அவள்தான் ஒரு வெள்ளிக்கிழமையை வாங்கினாள். இருநூறு நாற்காலியில் பாதி நிறைந்தால் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை உண்டு, இல்லையென்றால் இதோடு சரி என்பது அவர் போட்ட நிபந்தனை.

வெள்ளிக்கிழமை வந்தவர்கள் பதினாறு பேர். அதில் ஆறு பேர் புருஷன்மார்கள், வேறு வழியில்லாமல் வந்தவர்கள்.

மேடைக்குப் பின்னால் அம்மா மீசையை அழுத்திக்கொண்டே என்னைக் கேட்டாள்: “பேப்பர்ல போட்டேன்னு சொன்னியே, எங்கடீ ஜனம்?”

பவுடர் கொட்டாமலிருக்க மேஜையில் அன்றைய பேப்பரை விரித்திருந்தார்கள். காலை ஷிப்டுக்குப் போனவர்கள், யாரும் அதைப் பிரித்துப் படித்திருக்கவில்லை. நான்காம் பக்கம் மேலேயே கிடந்தது. ‘நாளை மாலை ஆறு மணிக்கு’ என்ற என் வரியை நான் அங்கேதான் பார்த்தேன்.

பார்த்ததும் பவுடர் டப்பாவை அதன் மேல் நகர்த்தி வைத்தேன்.

பதினாறு பேருக்கும் அவர்கள் முழு நாடகத்தையும் நடித்தார்கள். செயலாளர் கதவருகே நின்று தலைகளை எண்ணிவிட்டுப் போனார். மறுநாள் சனிக்கிழமை பூட்டிய அரங்கத்தின் முன்னால் நூறு பேருக்கு மேல் வந்து நின்றார்களாம். காவலாளியைத் திட்டியதோடு ஆபீசுக்கும் போன் போட்டுத் திட்டினார்கள்.

திங்கட்கிழமை தலைமை உதவியாசிரியர் கூப்பிட்டார். யார் எழுதியதானாலும் வெட்டித் தள்ளுவார் என்பதால் ஆபீஸில் அவருக்குக் கத்தரி என்று பெயர். அந்த வாரம்தான் என் வேலையை நிரந்தரமாக்கும் காகிதம் அவர் மேஜையில் இருந்தது.

“யார் தப்பு இது?”

“அவங்க கொடுத்த தாள்லயே அப்படித்தான் சார் இருந்தது.”

வாய் இவ்வளவு லேசாகத் திறக்கும் என்று எனக்கே தெரியாது.

“அதானே பார்த்தேன். இறால் உரிக்கிறதுங்களுக்குத் தேதி எங்கே தெரியும்? இதுல நாடகம் ஒரு கேடு.”

நான் சிரித்தேன். அதை மறைத்துவிட்டு எழுதினால் இந்தக் கதையே பொய். என் அம்மா அந்த நாடகத்தில் நடித்தாள் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். தெரிந்த நான் சிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை திருத்தம் வந்தது. ‘அமைப்பாளர்கள் அளித்த தகவல் பிழையால்’ என்று நானே எழுதியது. டீச்சர் தந்த தாள் என் மேஜையில், தாள் குத்தும் கம்பியில் கிடந்தது. 23, வெள்ளிக்கிழமை என்று அதில் தெளிவாக இருந்தது.

அன்று சாயங்காலம் அம்மா காலுக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: “பாவம்டீ டீச்சர். நான்தான் தேதியை மாத்தி எழுதிட்டேன் போலன்னு ஷிப்டு பூரா அழுதுட்டே இருந்தா. இனிமே பேனாவையே தொடமாட்டாளாம்.”

“நீங்கல்லாம் என்ன சொன்னீங்க?”

“என்ன சொல்றது? எட்டாவது படிச்சவ. உன்னை மாதிரி படிச்சவ கிட்ட ஒரு தடவை காட்டியிருக்கலாமேன்னு சொன்னேன்.”

“அம்மா, தப்பு அவ பண்ணல. நான் பண்ணினது.”

அம்மா சொம்பைக் கீழே வைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். துண்டை எடுத்துக் காலைத் துடைத்தாள், விரல் விரலாக.

“எங்கிட்ட எதுக்குச் சொல்றே?” என்றாள்.

புதன்கிழமை காலை செயலாளரிடம் போனேன். வாயால் சொன்னதெல்லாம் செல்லாது, பேப்பரில் வந்தால் இன்னொரு வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றார். ஆபீசுக்கு வந்து புதிதாக ஒரு திருத்தம் எழுதி, டீச்சரின் தாளையும் சேர்த்துக் கத்தரியின் முன்னால் வைத்தேன்.

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “திருத்தத்துக்கே திருத்தமா? மானம் போகுது.”

“போகட்டும் சார். போடுங்க.”

“உன் காகிதம் ஆறு மாசம் தள்ளிப் போகும்.”

“சரி.”

எதையும் வெட்டும் மனிதர், அன்றைக்கு ஓர் எழுத்தையும் வெட்டவில்லை.

வியாழக்கிழமை ஷிப்டு முடிந்த நேரம் பார்த்து டீச்சர் வீட்டுக்குப் போனேன். ரப்பர் பூட்ஸைக் கழுவி வாசலில் தலைகீழாக வைத்துக்கொண்டிருந்தாள். பேப்பரை நீட்டினேன்.

“நீயே படி. என் கண்ணு தப்பாப் படிக்கும்.”

படித்தேன். ‘அமைப்பாளர்கள் தேதியைச் சரியாகவே தந்திருந்தனர். இன்று என்பதை நாளை என எழுதியது எமது நிருபரின் பிழை. செவ்வாய்க்கிழமைத் திருத்தமும் தவறு.’

“எமது நிருபர்னா யாரு?”

“நான்தான்கா.”

பூட்ஸிலிருந்து தண்ணீர் சொட்டி என் செருப்புக்கு வந்தது.

“தேதி தப்பாப் போறது யாருக்கும் நடக்கும். செவ்வாக்கிழமை எதுக்கு என் மேல போட்டே?”

வேலை போய்விடும் என்ற பயம் என்று சொல்லத்தான் வழியெல்லாம் தயார் பண்ணியிருந்தேன். அது பாதிதான் உண்மை.

“உங்க மேல போட்டா யாரும் கேக்க மாட்டாங்கன்னு தெரியும்கா. நீங்களே நம்பிடுவீங்கன்னும் தெரியும்.”

அவள் இன்னொரு பூட்ஸையும் கவிழ்த்து வைத்தாள். பிறகு, “இறால் எடை குறைஞ்சா சூப்பர்வைசரும் இதே மாதிரி எங்க மேலதான் போடுவான். நாடகத்துல அந்த சீன் இருக்கு. உங்கம்மா நல்லா நடிப்பா, பாத்தியே” என்றாள்.

பார்த்தேன், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன்.

“செயலாளர் இன்னொரு வெள்ளிக்கிழமை தராருக்கா. அடுத்த மாசம் பதினாலாம் தேதி.”

அவள் உள்ளே போய் ஒரு நோட்டும் பேனாவும் கொண்டு வந்தாள். இறால் முள் குத்தி வீங்கிய விரலால் பேனாவை இறுக்கிப் பிடித்துப் புது அறிவிப்பை மெதுவாக எழுதினாள். எழுதி முடித்து என் பக்கம் திருப்பினாள்.

“சரியா இருக்கா பாரு.”

“சரியா இருக்குக்கா.”

“நல்லாப் பாத்தியா?”

“பாத்தேன்.”

நோட்டைத் தன் பக்கம் திருப்பி, விரலை வைத்து, அவள் மறுபடியும் முதல் எழுத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.