இடக்கையால் வாங்கும் வீடு

நாகஜோதியின் கைவலி அவள் உடம்பை விட்டு இறங்கி வெளியே போய் நின்ற அன்று, வெம்பக்கோட்டையில் அந்தப் பக்கம் மேய்ந்த ஆடு வலது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டியது. அதற்கு ஏழு மாதம் முந்தி, சீசன் என்று சொல்லி, நாலு பேருக்கான அறையில் ஒன்பது பேரை உட்காரவைத்துப் பட்டாசுக்கு மருந்து செலுத்தச் சொன்னார்கள். பிடித்த தீயில் அவள் வலது கை வெந்துபோனது. புண் ஆறியது, வலி ஆறவில்லை. காற்றுப் பட்டாலே அலறுவாள். கடையில் சில்லறையை இடக்கையால் நீட்டினால் முகத்தைச் சுளித்தார்கள். கோயிலில் திருநீற்றுக்கு இடக்கை ஏந்தியவளைப் பூசாரி தாண்டிப் போனார். வலியைவிட அதுதான் அவளை அறுத்தது.

முதலாளி மகள் ஸ்ரீமதி வெளிநாட்டில் நரம்பைப் பற்றிப் படித்தவள். சின்ன வயதில் நாகஜோதியின் இடுப்பிலேயே கிடந்த பிள்ளை. அவளே ஊசியும், ஊதா பச்சை இரண்டும் அடிக்கும் டார்ச்சுமாக வீடு தேடி வந்தாள். வலி நரம்புக்குள் நுழையப் புரதத்தால் ஆன கதவு ஒன்று இருக்கிறது, இந்த மருந்து அதில் தாழ்ப்பாளாக உட்காரும், ஊதா வெளிச்சம் பட்டால் வளைந்து சாத்தும், பச்சை பட்டால் நிமிர்ந்து திறக்கும் என்றாள்.

“வெளிச்சத்துக்கு மருந்து வளையுமா பாப்பா?”

“வளையும்க்கா. நீங்க டார்ச்ச அடிங்க, போதும்.”

எந்த உப்புக்கு எந்த நிறம் எரியும் என்று அறிந்த ஊர், இதை நம்புவதா கஷ்டம்? ஊதாவை அடித்தாள், வலி போயிற்று. கதவு சாத்தினால் அது எங்கே போகும்? வெளியே நின்றது. அந்த இடத்தைக் கடந்தவர்கள் வலது கையைப் பிடித்துக்கொண்டு “ஆத்தாடி” என்றார்கள். இரண்டு வாரத்தில் சுற்றிப் போகப் பழகிவிட்டார்கள். பொழுது சாய்ந்ததும் நாகஜோதியே பச்சையை அடித்து அதை உள்ளே கூப்பிட்டுக்கொள்வாள். பிறத்தியாருக்கு எதற்குத் தொந்தரவு?

தீயைப் பற்றிய விசாரணை கம்பெனி ஆபீஸில் நடந்தது. ஸ்ரீமதியே காரில் கூட்டிப்போனாள். அறை முழுக்க ஊதா டியூப்லைட். “ஒங்களுக்காகத்தான்க்கா மாத்தச் சொன்னேன். வலியில்லாமப் பேசலாம்ல” என்றாள். நாகஜோதிக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்பது பேர் இருந்ததைச் சொல்ல வேண்டும், அது எழுத்தில் ஏற வேண்டும், வேறொன்றும் அவள் கேட்கவில்லை. விசாரிக்க வந்த அதிகாரி நிறைந்த குடத்தை வலக்கையால் தூக்கச் சொன்னார். தூக்கினாள். “வலிக்குதாம்மா?” என்றார். பொய் சொல்லத் தெரியாத பாவி, “இப்ப இல்லீங்க” என்றாள். வராந்தாவில் டீ கொண்டுவந்த முனியராஜ் தட்டைப் போட்டுவிட்டுக் கையைப் பிடித்துக் கத்தினான். கதவைச் சாத்தச் சொன்னார் அதிகாரி. “ஒம்பது பேரு இருந்தோம்ங்கய்யா” என்று ஆரம்பித்தாள். காயமே இல்லாதபோது புகார் ஏதம்மா என்று பைலை மூடினார். அவள் ஸ்ரீமதியைப் பார்த்தாள். ஸ்ரீமதி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நாகஜோதி விருதுநகரில் ஸ்ரீமதி வீட்டு வாசலில் நின்றாள். “இடுப்புல தூக்கி வளத்தேனே, ஏம் பாப்பா இப்பிடிச் செஞ்ச?”

“கம்பெனிய மூடிட்டா எல்லாருக்கும்தானக்கா கஷ்டம்.”

நாகஜோதி ஊதாவை அடித்தாள். வலி இறங்கி வாசற்படியில் நின்றது. “இங்கனயே இரு” என்று அதனிடம் சொல்லிவிட்டு, டார்ச்சை அங்கேயே வைத்துவிட்டு பஸ் ஏறினாள்.

மூன்று வருடமாயிற்று. இப்போது திருநீற்றை வலக்கையில் வாங்குகிறாள். பச்சை வெடிக்கும் தீபாவளிக்கு மட்டும் கையை முந்தானையில் சுற்றிக்கொள்கிறாள். யாராவது விசாரித்தால், “கை வலிக்கலத்தா. அந்தப் பிள்ள செஞ்சதுதான் ஆறல” என்பாள். ஸ்ரீமதி பச்சை டார்ச்சோடு இருமுறை வந்து பார்த்தாள். முந்தானைக்குள் இருந்த கையை எடுக்காமலே நாகஜோதி காப்பியை இடக்கையால் நீட்டினாள். ஸ்ரீமதி வாங்கிக் குடித்தாள்.

அந்த விருதுநகர் வீட்டுப் படியில் பால்காரர் பாலையும், தபால்காரர் தபாலையும், சொந்தக்காரர்கள் கல்யாணப் பத்திரிகையையும் இடக்கையால்தான் கொடுக்கிறார்கள். வீட்டாரும் இடக்கையால் வாங்கிக்கொள்கிறார்கள். அந்தப் படியில் யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை.