சமையலறைப் பச்சை விளக்கு

"வந்துடுச்சா?"

"இல்ல."

"போய்ப் பார்த்தியா, இருந்த இடத்துலேருந்தே சொல்றியா?"

"கண்ணு முன்னாடிதானே இருக்கு நஸ்ரி. எரியல."

நஜ்லா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். மின்பெட்டிக்கு மேலே, கட்டைவிரல் அளவில் ஒரு பச்சை விளக்கு. அரசாங்க மின்சாரக் கம்பியில் மட்டும் இணைத்தது. அது எரிந்தால் அரசாங்கம் வந்துவிட்டது என்று பொருள். எரியாவிட்டால், வீட்டில் ஓடும் மின்விசிறியும் ஐஸ்பெட்டியும் தெருவில் ஜெனரேட்டர் வைத்து மின்சாரம் விற்கும் மோட்டார்க்காரன் தயவில் ஓடுகின்றன. பெய்ரூத்தில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மோட்டாரில் லிஃப்ட் ஓடாது. அரசாங்கம் வந்தால்தான் ஓடும்.

அவர்கள் இருந்தது ஏழாவது மாடி. நஸ்ரிக்கு அன்று டயாலிசிஸ். சனிக்கிழமை போயிருக்க வேண்டியது; அன்று முழுக்க மின்சாரம் வராமல் தவறிவிட்டது. இன்றும் தவறினால் என்ன ஆகும் என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பேசாமலே தெரிந்தது. அவன் கால்கள் செருப்பில் நுழையாத அளவுக்கு வீங்கியிருந்தன.

"சட்டைப் பொத்தானைப் போட்டுக்கோ. வந்த உடனே கிளம்பணும்."

"ஆறு மணிக்கே போட்டுட்டேன். மணமகன் மாதிரி உட்கார்ந்திருக்கேன். பொண்ணைத்தான் காணோம்."

நாற்பது வருடம் பத்திரிகையில் பிழை திருத்தியவன் நஸ்ரி. உடம்பு படுத்துவிட்ட பிறகும் அந்தப் புத்தி படுக்கவில்லை.

"கவனிச்சியா நஜ்லா? நம்ம ஊர்ல எதுவுமே சும்மா நிக்கிறதில்ல. ஒவ்வொண்ணுக்கும் தனி வார்த்தை. கரண்ட் போகும். சுவிட்ச்பெட்டி விழும். குழாய்த் தண்ணி அறுந்துபோகும். பல்பு எரிஞ்சுபோகும். கடிகாரம் செத்துப்போகும். என் கிட்னிக்கு எதைப் போடறது?"

"வாயை மூடு."

"மூடறது போனுக்கு, அது அணைஞ்சு கிடக்கிறப்ப."

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. அதை மறைக்க ஐஸ்பெட்டியைத் திறந்து ஒரு பனிச் சில்லு எடுத்துவந்து அவன் உதட்டில் வைத்தாள். தண்ணீர் குடிக்கக் கூடாது. ஒரு சில்லு போதும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

"இன்னொண்ணு."

"முடியாது."

"ஒரு ஆரஞ்சுச் சுளை?"

"அதுக்குப் பதிலா விஷம் கொடுக்கலாம்."

"கொடு. ருசியா இருந்தா சரி."

நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போகலாமே என்று மகன் கஸ்ஸான் மாண்ட்ரியலிலிருந்து போனில் சொல்லியிருந்தான். ஈஸ்டருக்கு முன்னால் அப்படித்தான் தூக்கினார்கள். மளிகைக்கடைக்காரனும் அவன் தம்பியும். மூன்றாவது மாடித் திருப்பத்தில் தம்பியின் கால் வழுக்கி, நஸ்ரி நாற்காலியோடு பத்துப் படி உருண்டான். விலா எலும்பு இன்னும் வலிக்கிறது. தம்பி துபாய்க்குப் போய்விட்டான். கடைக்காரனுக்கு மனைவி பூட்டுப் போட்டுவிட்டாள், "நோயாளியைத் தூக்கப் போய் நீயும் படுக்காதே" என்று. கட்டடத்தில் மிச்சமிருப்பவர்கள் எல்லோருமே அவர்கள் வயதுக்காரர்கள்.

ஆம்புலன்ஸ் பையன்களையும் கூப்பிட்டாகிவிட்டது. "உயிர் போற கேஸா அத்தை?" என்று கேட்டான் ஒருவன். நஸ்ரி கேட்டுக்கொண்டிருக்கும்போது "ஆமாம்" என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. "சாயந்தரம் பார்க்கிறோம்" என்றான்.

பதினொரு மணி ஆயிற்று. பச்சை விளக்கு எரியவில்லை. நஜ்லா ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்தாள். பன்னிரண்டு வருடமாக அந்த வீட்டில் துணி துவைப்பதும் இஸ்திரி போடுவதும் தலை குளிப்பதும் அந்த விளக்கைக் கேட்டுத்தான். ஒருநாளும் அது பொய் சொன்னதில்லை. பால்கனிக்குக் கீழே மோட்டார் லாரி மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. அது உறுமும்போது படிக்கட்டுப் பக்கத்துச் சத்தம் எதுவும் வீட்டுக்குள் கேட்காது.

"வந்துடுச்சா?"

"மோட்டார் ஓடறது கேக்கலையா உனக்கு? வந்திருந்தா அவன் நிறுத்தியிருப்பானே."

"சும்மா கேட்டேன். உன் குரல் கேக்கலைன்னா நீயும் போயிட்டியோன்னு தோணுது."

பன்னிரண்டு ஆயிற்று. ஒன்று ஆயிற்று. ஒன்றரைக்குள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அதற்குமேல் இயந்திரத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். நஜ்லா மாதாவிடம் வேண்டினாள். மோட்டார்க்காரனைத் திட்டினாள். பிறகு மந்திரிகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லித் திட்டினாள். உள்ளேயிருந்து நஸ்ரி, "நிதி மந்திரியை விட்டுட்டே" என்றான். அவன் குரல் மெலிந்திருந்தது.

இரண்டரை மணிக்குக் கதவு தட்டப்பட்டது. எதிர்வீட்டு மதாம் ஒடேத்; ஊர் வழக்கப்படி மகன் பெயரை வைத்து, தாயை 'உம் கஸ்ஸான்' என்றும் தகப்பனை 'அபூ கஸ்ஸான்' என்றும் அழைப்பவள். தலைமுடி சுருள் சுருளாக, புதிதாக அலங்கரித்த மணத்தோடு நின்றிருந்தாள். கையில் தைம் மூலிகை தூவிய ரொட்டிப் பொட்டலம்.

"உம் கஸ்ஸான், சூடா இருக்கு, சாப்பிடுங்க. அபூ கஸ்ஸான் எப்படி இருக்கார்? டயாலிசிஸ் முடிச்சுக் கூட்டிட்டு வந்தாச்சா?"

"எங்கே போறது? லிஃப்ட் நிக்குதே."

ஒடேத் விழித்தாள். "நிக்குதா? நான் அதுலதானே இறங்கினேன்! பத்து மணிக்கு முடி வெட்டப் போனேன். இப்ப ஏறி வந்ததும் அதுலதான். நான் கால் எடுத்து வெளியே வைக்கிறேன், பொட்டுனு கரண்ட் போச்சு. ஒரு நிமிஷம் தாமதிச்சிருந்தா உள்ளேயே மாட்டியிருப்பேன்."

"அரசாங்கம் வந்ததா?"

"காலையிலேருந்து இருந்துச்சே! பின்தெருவுக்கு வரல, அதனால மோட்டார்க்காரன் நிறுத்தாம ஓட்டிக்கிட்டு இருந்தான். நான் நெனச்சேன், நீங்க எப்பவோ போயிருப்பீங்கன்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நஜ்லாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். ரொட்டிப் பொட்டலத்தை அவள் கையில் திணித்துவிட்டு, "ஐயோ உம் கஸ்ஸான், ஒரு தட்டு தட்டியிருந்தா..." என்றாள். யார் கதவை யார் தட்டியிருக்க வேண்டும் என்பதை அவள் சொல்லவில்லை.

நஜ்லா முக்காலியில் ஏறினாள். பச்சை மூடியைக் கழற்றி, பல்பைத் திருகி எடுத்தாள். கைக்குட்டையில் துடைத்தாள். நஸ்ரியின் படுக்கையோரம் வந்து, அங்கிருந்த சின்ன விளக்கின் பல்பைக் கழற்றிவிட்டு இதை மாட்டினாள்.

எரிந்தது. நன்றாக, மஞ்சளாக எரிந்தது.

"பல்பு எரிஞ்சுபோகலையா?" என்றான் நஸ்ரி. அவன் எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.

"இல்ல."

"அப்ப கம்பியா?"

"கம்பியோ, உள்ளே எதுவோ. மின்வேலைக்காரன் போன் மூடியிருக்கு."

நர்ஸைப் போனில் கூப்பிட்டாள். "நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு முதல் ஆளா போட்டுக்கறேன் அத்தை. ஆனா நாளைக்கு விடக் கூடாது. நான் சொல்றது புரியுதா?" என்றாள் அந்தப் பெண். புரிந்தது என்று சொன்னாள் நஜ்லா.

பல்பைத் திரும்பக் கொண்டுபோய்ச் சமையலறையில் மாட்டினாள். பச்சை மூடியையும் போட்டாள். அது எரியவில்லை. இப்போது அரசாங்கம் இல்லாததால் எரியவில்லையா, வந்தாலும் எரியாதா? அரசாங்கம் வந்தால்தான் தெரியும். அது வந்ததை யார் சொல்வது?

"நஜ்லா."

"ம்."

"நான்தான் கேட்டுக்கிட்டே இருந்தேன். ஒருதரம் உன்னை வெளியே போய் லிஃப்டைப் பாருன்னு சொல்லியிருக்கலாம்."

"நான் போயிருக்கலாம்."

"இதுக்கு வார்த்தையே இல்ல நம்மகிட்ட. நல்லா இருக்கிற பல்பு, வந்திருக்கிற கரண்ட்..." மூச்சு வாங்கியது. முடிக்கவில்லை.

"பேசாதே. படு."

அவன் தலையணையை உயர்த்திவிட்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவள் வெளி வாசலுக்குப் போனாள். வீட்டுக் கதவை அகலத் திறந்து வைத்தாள். லிஃப்டின் இரும்புக் கதவோடு நாற்காலியை ஒட்டிப் போட்டு உட்கார்ந்து, ஒரு கையால் பொத்தானை அமுக்கினாள். எதுவும் அசையவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி அமுக்கினாள். எதிரே ஒடேத்தின் கதவு லேசாகத் திறந்து, பார்த்துவிட்டு, மூடிக்கொண்டது.

கீழே மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது.

"வந்துடுச்சா?" என்று உள்ளேயிருந்து கேட்டான்.

நஜ்லா பொத்தானை அமுக்கினாள். உள்ளங்கையை இரும்புக் கதவின்மேல் வைத்து, அதிர்வு தெரிகிறதா என்று பார்த்தாள்.

"இல்ல" என்றாள், அவனுக்குக் கேட்கும்படி.