கையுறைக்கு ஆதாரம் உண்டா?

தெருவில் யாரைப் பார்த்தாலும் அவளிடம் ஒரே கேள்விதான்: "இன்னும் முடிக்கலையா?" முனைவர் பட்டத்தைத்தான் கேட்கிறார்கள். கேட்டுக் கேட்டு அதுவே அவளுக்குப் பெயராகிவிடும் போலிருந்தது. மாமியார் மட்டும் முன்கூட்டியே "டாக்டரம்மா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அதில் பாசம் பாதி, கிண்டல் பாதி.

டாக்டரம்மா ஓர் இயன்முறை சிகிச்சையாளர். பக்கவாதத்தில் கை முடங்கியவர்களுக்கு அதிர்வுக் கையுறை பலன் தருகிறதா என்பதுதான் அவள் ஆராய்ச்சி. கையுறைக்குள் சின்னச் சின்ன மோட்டார்கள் இருக்கும். விரல் நுனிகளில் குறுகுறுவென்று அதிரும். மரத்துப்போன விரல்களுக்கு அது உயிர் கொடுக்கும் என்று பேச்சு. ஆராய்ச்சிக்காக அவள் தானே யாருக்கும் கையுறை மாட்டிச் சோதிக்கவில்லை. உலகம் முழுக்க வந்த ஆய்வுகளைத் தேடிப் பிடித்து, தரம் பார்த்து, கூட்டிக் கழித்து ஒரு முடிவு சொல்வதுதான் வேலை.

தேடல் தளங்கள் மூட்டை மூட்டையாகக் கட்டுரைகளைக் கொண்டுவந்து கொட்டின. ஒரே கட்டுரை இரண்டு இடத்திலிருந்து வந்தால் ஒன்றைத் தூக்கிப் போட ஒரு மென்பொருள். ஒருவர் தீர்ப்பு மற்றவருக்குத் தெரியாமல் இருவர் தனித்தனியே படித்து, 'சேர்', 'தள்ளு' என்று குறிக்க இன்னொன்று. இருவரில் ஒருத்தி அவள், மற்றவள் பக்கத்து மேசைத் தோழி. எதையும் லேசில் உள்ளே விடமாட்டாள் என்பதால் துறையில் அவளுக்குப் பெயர் சல்லடை. தேறிய கட்டுரைகளெல்லாம் மேற்கோள் மென்பொருளில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எங்கே அடைப்புக்குறி, எங்கே முற்றுப்புள்ளி என்பதை அது பார்த்துக்கொள்ளும்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஒரு வாரம் இருந்தது. அன்று காலை துறைக்குள் நுழைந்து மடிக்கணினியைத் திறந்தாள். மேற்கோள் மென்பொருளின் மேல்பக்கம் முழுக்க ஒரு சிவப்புப் பட்டை. 'உங்கள் தொகுப்பிலுள்ள ஒரு கட்டுரை திரும்பப் பெறப்பட்டுள்ளது.'

எது என்று அழுத்திப் பார்த்தாள். இருக்கிற ஆய்வுகளிலேயே பெரியது அது. கையுறை நல்ல பலன் தருகிறது என்று அடித்துச் சொன்னதும் அதுதான். பத்திரிகையின் அறிவிப்பு நான்கே வரி: தரவுகள் நம்பத்தக்கவையாக இல்லை, கேட்ட விளக்கத்தை ஆசிரியர்கள் தரவில்லை.

"ஏய், இங்க வாயேன். சீக்கிரம்."

சல்லடை நாற்காலியோடு உருண்டு வந்தாள். படித்துவிட்டு, "அடக் கடவுளே, இவங்களா?" என்றாள். "நாம ரெண்டு பேருமே கண்ணை மூடிட்டு சேர்னு போட்டது இது ஒண்ணுக்குத்தான்."

"நேத்து வரைக்கும் பட்டை எதுவும் இல்லையே!"

"இந்த வாரம்தானே அறிவிப்பே வந்திருக்கு. இரு, அந்த ஏஐ கிட்ட கேட்டுப் பாப்போம்."

கட்டுரைகளைச் சுருக்கித் தரும் செயலியில் கேட்டார்கள். அது கொஞ்சமும் தயங்காமல், கையுறையால் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் உண்டு என்று அதே கட்டுரையைக் காட்டியது.

"இதுக்கு இன்னும் யாரும் சொல்லலை போலிருக்கு" என்றாள் சல்லடை.

டாக்டரம்மாவால் சிரிக்க முடியவில்லை. எந்தக் கட்டுரை எதன்மேல் சாய்ந்திருக்கிறது என்று கோடுபோட்டுக் காட்டும் தளத்தைத் திறந்தாள். அந்தப் பெரிய கட்டுரை நடுவில் உருண்டையாக நின்றது. சுற்றியிருந்தவற்றில் பாதி அதிலிருந்து கிளம்பியவைதான். அவற்றில் இரண்டு, அதே குழு அதே நோயாளிகளை வைத்தே வேறு தலைப்பில் எழுதியவை என்பது இப்போதுதான் உறைத்தது. எழுந்து ஜன்னல் வரை போனாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

"உக்காருடி, எனக்கே தலை சுத்துது."

மூன்றையும் எடுத்துவிட்டுக் கணக்கை மறுபடி ஓட்டினாள். திரையில் ஒரு செங்குத்துக் கோடு. எல்லா ஆய்வுகளின் மொத்த முடிவையும் சொல்லும் வைரம் போன்ற ஒரு குறி. கோட்டை அது தொடாமல் ஒதுங்கி நின்றால் பலன் உண்டு என்று சொல்லலாம். நேற்றுவரை ஒதுங்கி நின்றது. இன்று கோட்டின்மேலேயே அகலமாகக் கால் பரப்பி உட்கார்ந்திருந்தது.

லிஃப்ட்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியேறி நெறியாளரின் அறைக்குப் போனாள். மோசமான மனிதர் இல்லை. ஓய்வுக்கு முன் தன் கடைசி மாணவியைக் கரையேற்றிவிட வேண்டும் என்ற அவசரம் அவருக்கு.

"நீங்க தேடி முடிச்ச தேதியில அந்தக் கட்டுரை செல்லுபடியா இருந்துதா இல்லையா?"

"இருந்துது சார்."

"அப்புறம் என்ன? அடிக்குறிப்பு ஒண்ணு போட்டுட்டு சமர்ப்பிச்சிடுங்க. முறைப்படி தப்பே கிடையாது."

அவர் சொன்னதில் பிசகு கண்டுபிடிக்க முடியவில்லை. சரி என்று சொல்ல வாயும் திறந்தாள். வந்தது வேறு.

"எங்க மாமியார் அதைப் போட்டுட்டு உக்காந்திருக்காங்க சார். நான் சொல்லித்தான். இந்த நிமிஷம் கூடப் போட்டுட்டுதான் இருப்பாங்க."

நெறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிந்தும் மாட்டிக்கொள்ளவில்லை.

"மறுபடி தேடணும். முடிவை மாத்தி எழுதணும். ஆறு மாசம் தள்ளிப்போகும். தெரியுமில்ல?"

"தெரியும் சார்" என்றாள்.

கணவனுக்கு ஃபோன் செய்தாள். பட்டம் கிடைத்ததும் வேறு ஊர் மாறலாம் என்று அவன் அலுவலகத்தில் மாற்றல் கேட்டு வைத்திருந்தான். "சரி, ஆஃபீஸ்ல நான் பேசிக்கறேன்" என்றான். பிறகு, "அம்மாகிட்ட நீயே சொல்லிடு. என்னால முடியாது" என்றான்.

வீட்டுக்கு வந்தபோது மாமியார் ஜன்னலோரம், பக்கவாதத்தில் முடங்கிய இடது கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். கையுறை ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. வேலையிலிருந்த காலத்தில் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்தவர். சுற்றி வளைத்துப் பேசினால் பிடிக்காது.

"அத்தை, அதைக் கொஞ்சம் நிறுத்துறீங்களா? ஒரு விஷயம்."

"நீதானே மதியம் முழுக்கப் போடச் சொன்னே? சொல்லு."

சொன்னாள். சிவப்புப் பட்டை, பெரிய கட்டுரை, கோட்டில் உட்கார்ந்த வைரம், எல்லாம். மாமியார் குறுக்கிடாமல் கேட்டார்.

"அப்போ இது வேலை செய்யாதா?"

"வேலை செய்யுதுன்னு சொல்ல ஆதாரம் இல்லை அத்தை. அதனாலயே செய்யாதுன்னும் சொல்லிட முடியாது."

"லைன் கிடைச்சுதா, கிடைக்கலையா? ஏதாவது ஒண்ணு சொல்லும்மா."

"தெரியலை அத்தை."

மாமியாரின் முகம் சிவந்தது. "இத்தனை மாசமா தேனீக்கூட்டில கைய விட்ட மாதிரி உக்காந்திருக்கேன். காது வலிக்குது, தூங்கினா கனவுலயும் இதே சத்தம். இப்போ வந்து தெரியலைங்கறே?" வலது கையால் கையுறையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. உதவப் போனவளின் கையைத் தட்டிவிட்டார். பல்லால் பட்டையைக் கடித்துப் பிரித்து, உருவிக் கட்டிலில் வீசினார்.

மறுநாள் காலை சமையலறை வாசலில் வந்து நின்றவர் மாமியார்தான். கையுறை கையில் இருந்தது.

"இதை விட்டுட்டா, இருக்கறதும் போயிடுமோ?" என்றார் மெதுவாக. நேற்றைய கோபத்தின் சுவடே இல்லை. பயம் மட்டும் இருந்தது.

மறுபடி திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். "போகாது அத்தை. அந்த மாதிரி எங்கயும் பார்க்கலை. நிஜமா ஆதாரம் இருக்கறது கையால வேலை செய்யற பயிற்சிக்குத்தான். டம்ளர் எடுக்கறது, துணி மடிக்கறது. அலுப்பா இருக்கும். ஆனா அந்த ஆய்வுகளை நானே ஒண்ணு விடாம பார்த்துட்டேன்."

"அதுல எதுக்கும் பட்டை வரலியே?"

"இன்னிக்கு வரைக்கும் வரலை."

மாமியார் யோசித்தார். "அப்போ துணியைக் கொண்டா" என்றார்.

ஆறு மாதம் என்றது எட்டானது. சல்லடையும் அவளும் எல்லாக் கட்டுரைகளையும் முதலிலிருந்து சலித்தார்கள். வாய்மொழித் தேர்வில் வெளியூர்த் தேர்வாளர், "இவ்வளவு பாடுபட்டு, தெரியலைன்னு சொல்லத்தானா?" என்று கேட்டார். "தெரியும்னு நினைச்சு நிறைய பேருக்கு மாட்டிவிட்டுட்டிருக்கோம் சார்" என்றாள். பின்வரிசையில் நெறியாளர் தலையை ஆட்டிக்கொண்டார்.

அவள் கட்டுரை வெளிவந்ததும், முன்பு அவள் வேலை பார்த்த மருத்துவமனையில் கையுறையை எல்லோருக்கும் எழுதிக்கொடுப்பதை நிறுத்தினார்கள். மாமியாரின் இடது கை இப்போது டம்ளரைப் பிடிக்கிறது, சில நாள் நழுவவும் விடுகிறது. பயிற்சியாலா, காலம் போகப்போகத் தானாகவா என்று கணவன் கேட்டான். ஒரே ஒரு கையை வைத்து அதைச் சொல்ல முடியாது என்றாள். மாமியார், "இவகிட்ட போய்க் கேட்டியே" என்று சிரித்தார்.

பட்டம் வந்தும் அவளுக்கு நிம்மதி வந்துவிடவில்லை. கையுறை பற்றி எங்கே எது வெளியானாலும் தெரிவிக்கும்படி தேடல் தளத்தில் சொல்லி வைத்திருந்தாள். ஒரு காலை, வேலைக்குக் கிளம்பி ஒரு காலில் செருப்பை மாட்டிய நேரத்தில் மின்னஞ்சல் வந்தது. புதிய ஆய்வு, இதுவரை வந்தவற்றில் மிகப் பெரியது, பலன் உண்டு என்கிறது.

"என்னம்மா, என்ன விஷயம்?" என்று உள்ளேயிருந்து மாமியார் குரல் கொடுத்தார்.

"ஒரு நிமிஷம் அத்தை, படிச்சுட்டு சொல்றேன்" என்று, வாசலில் நின்றபடியே ஆய்வின் வழிமுறைகள் என்ற பகுதிக்கு விரலை நகர்த்தினாள்.