நாக்கில் பட்ட கல்

டீச்சர் செய்தது ஒரே ஒரு காரியம்தான். கையிலிருந்த கருங்கல் துண்டை வாய்க்குக் கொண்டுபோய் நாக்கால் ஒரு இழுப்பு இழுத்தாள். குவாரியில் வளர்ந்தவளுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. உடைத்த கல்லில் தூசி அப்பிக் கிடக்கும். ஈரம் பட்டால்தான் உள்ளே இருக்கிற புள்ளியும் ரேகையும் துலங்கும். அவள் அம்மா அப்படித்தான் பார்ப்பாள். அங்கே ஜல்லி உடைத்த அத்தனை பேரும் அப்படித்தான். கொளுத்துகிற வெயிலில் ஒரு கல்லைக் கழுவ யார் எழுந்து தண்ணீர்க் குடத்துக்குப் போவது?

"பாத்தீங்களா, கறுப்புக்குள்ள வெள்ளை, வெள்ளைக்குள்ள மினுமினுப்பு!" என்று பெருமையாக நிமிர்ந்தாள். கேட்க ஆளில்லை. வகுப்பே, பாடத்துக்காகக் கற்களை அடுக்கி வைத்திருந்த தட்டின் மேல் விழுந்து கிடந்தது. ஐந்து வயசுப் பிள்ளைகள், டீச்சர் செய்ததைச் செய்துகொண்டிருந்தார்கள்.

"ஐய, இது மண்ணு மாதிரி இருக்கு!"

"என்னுது உப்பு! டீச்சர், என்னுது உப்பு!"

"குடுடா, நானும் நக்கிப் பாக்கறேன்."

"போடி, உன் எச்சி யாருக்கு வேணும்?"

"துப்புங்க! எல்லாரும் துப்புங்க!" என்று டீச்சர் அலறினாள். சத்தம் கேட்டு ஓடி வந்த ஆயா, பிள்ளைகளைக் குழாயடிக்கு ஓட்டிக்கொண்டு போய் வரிசையாக வாய் கொப்புளிக்க வைத்தாள். "எத்தனையோ டீச்சரைப் பாத்துட்டேன்மா. கல்லைத் திங்கக் கத்துக் குடுத்தது நீ ஒருத்திதான்."

டீச்சருக்குச் சிரிக்க முடியவில்லை. தட்டில் ஒவ்வொரு கல்லுக்கும் பஞ்சு வைத்து ஒரு குழி அமைத்திருந்தாள். மணற்கல் இருந்தது, சுண்ணாம்புக்கல் இருந்தது, அப்பளம் மாதிரி உரியும் மைக்காவும் இருந்தது. இரண்டு குழி காலி. ஒன்று உப்புக்கல்லின் சில்லு. அது போனால் போகட்டும். இன்னொன்று ஈயக்கல்.

சுரங்கத்தில் வேலை பார்க்கும் அண்ணன் கொடுத்தது அது. கடலை அளவுதான், ஆனால் கண்ணாடி உடைந்த மாதிரிப் பளபளப்பு, அளவுக்கு மீறிய கனம். பிள்ளைகள் கையில் கொடுக்காமல் கடைசியாகத் தானே தூக்கிக் காட்டலாம் என்று வைத்திருந்தாள். உள்ளே ஈயம், வயிற்றுக்குள் போனால் விஷம்.

"பளபளன்னு இருந்த கல்லை யாரு எடுத்தது? டீச்சர் அடிக்க மாட்டேன், சொல்லுங்க."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கை காட்டினார்கள். கடைசியில் 'பட்டாசு' என்று பள்ளிக்கூடமே கூப்பிடும் வாயாடி கையைத் தூக்கினாள். "நான் முழுங்கிட்டேன் டீச்சர்."

"எதை?"

"கல்லை."

"பளபளன்னு இருந்துச்சா?"

"ஆமா."

"உப்புக் கரிச்சுதா?"

"ஆமா."

"இனிச்சுதா?"

"ஆமா டீச்சர்."

எதைக் கேட்டாலும் ஆமா. டீச்சர் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி, வந்த ஆட்டோவை மறித்து ஏறினாள். வேலை போகட்டும், நாலு பேர் காறித் துப்பட்டும், இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று வழியெல்லாம் உதடு முணுமுணுத்தது. மடியில் இருந்த பட்டாசு, "டீச்சர், ஊசி போடுவாங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

பிள்ளையின் அம்மா கட்டட வேலையில் சித்தாள். செய்தி போனதும் கையில் காய்ந்த சிமெண்டோடு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள். எக்ஸ்ரே அறைக்கு வெளியே நின்ற டீச்சரைப் பிடித்துக்கொண்டாள்.

"கல்லு மண்ணு சுமக்கறது என்னோட போகட்டும்னுதான் இவளைப் படிக்க அனுப்பறேன். அங்கயும் கல்லையா ஊட்டறீங்க? நீங்க நக்கினீங்களாமே?"

"ஆமாக்கா. என் தப்புதான்."

"அக்காவாம் அக்கா! என் புள்ளைக்கு ஏதாவது ஆகட்டும், அப்புறம் இருக்கு உங்களுக்கு."

டாக்டரம்மா வெளியே வந்து படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். "ஈயமா இருந்தா படத்துல பல்பு எரியற மாதிரி பளிச்சுனு தெரியும். தொண்டையில இல்ல, வயித்துல இல்ல, குடல்ல இல்ல. இவ முழுங்கினது உப்பாத்தான் இருக்கும், கரைஞ்சு போயிருக்கும். தண்ணி குடிக்கக் குடுங்க."

சித்தாள் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். டீச்சருக்கு மட்டும் கவலை தீரவில்லை. இவள் வயிற்றில் இல்லையென்றால் வேறு எவன் வயிற்றில்? வகுப்பில் இன்னும் எத்தனை வயிறு இருக்கிறது! உடனே ஆயாவுக்குப் போன் போட்டாள்.

ஆயாவின் குரல் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. "எங்கம்மா போனை வச்சிருந்தே? எத்தனை தடவை அடிக்கிறது? கல்லு கெடைச்சிடுச்சு! கடைசி பெஞ்சு வாலு நொண்டி நொண்டி நடந்தான். ஷூவைக் கழட்டினா சாக்ஸுக்குள்ள ஜம்முனு உக்காந்திருக்கு. அவங்கம்மாவுக்கு மூக்குத்தி பண்ணணுமாம் தொரைக்கு!"

"வாயில வச்சானா?"

"இல்லியாம். எல்லாரும் நக்க ஆரம்பிச்சப்பவே எடுத்து ஒளிச்சிட்டானாம். அழுதுகிட்டே சத்தியம் பண்றான்."

டாக்டரம்மா போனைக் காட்டிச் சொன்னாள்: "அவன் கையை, காலைச் சோப்பு போட்டுக் கழுவச் சொல்லுங்க. எதுக்கும் அவனையும் ஒரு தடவை கூட்டிட்டு வாங்க. பயப்பட ஒண்ணும் இல்ல."

அதைக் கேட்ட பிறகுதான் டீச்சர் சித்தாளுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். கண்ணீர் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. இரண்டையும் முந்தானையில் துடைத்தாள். சித்தாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அது என்ன நக்கற பழக்கம்?"

"எங்கம்மா குவாரியில ஜல்லி உடைச்சாங்கக்கா. அங்க அப்படித்தான் பாப்போம். யோசிக்காம வாய்க்குப் போயிடுச்சு."

சித்தாள் பையிலிருந்த பாட்டிலைத் திறந்து மகளுக்குத் தண்ணீர் கொடுத்தாள், தானும் குடித்தாள், மிச்சத்தை டீச்சர் பக்கம் நீட்டினாள்.

"நாளைக்கு என்ன பாடம்?"

"செடி, இலை."

"அடக் கடவுளே! டீச்சர், நாளைக்காவது வாயை மூடிக்கிட்டுப் பாடம் நடத்துங்க" என்றாள் சித்தாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.