இறங்கிய பறைக்கு இணங்கிய கிட்டார்

ஊர்த் திருவிழாவின் நிறைவுநாள் மேடை, போட்டியில் வெல்லும் குழுவுக்கே என்று முடிவாகியிருந்தது. பள்ளித்திடலில் நடந்த அப்போட்டிக்கு, கோயிலில் பதிகம் பாடும் நான் நடுவர். நான் பாடிக்காட்டும் ஓர் இசையடியை, ஒத்திகையின்றி இருபது நிமிடம் வளர்க்க வேண்டும். இசை அறுந்தால் தோல்வி.

மானாம்பதி மலர்க்கொடி நாற்று நடுபவள். அவள் தந்தையும் பாட்டனும் தெருக்கோடியில் நின்றே பறை முழக்கியவர்கள். அம்மேடையின் படியை ஒருவரும் மிதித்ததில்லை. மிதித்தே தீர்வதென்று அவள் வந்திருந்தாள், பறைத் தோலைத் தீயில் காய்ச்சிக் குரல் ஏற்ற ஒரு கட்டு வைக்கோலுடன்.

"என்ன மலர்க்கொடி, மாடு கட்டப் போறியா?" என்றான் எதிர்க்குழுவில் வயலின் வாசிக்கும் பார்த்தா.

"நீ சுருதி சேக்கறதுக்குள்ள எங்க மாடு ஒரு காணி உழுதுட்டு வந்துரும் சாரே!"

பள்ளித்திடல் சிரித்தது.

பார்த்தாவின் குழு முதலில் வாசித்தது. ஒரே சுரத்தைக் கருவறை விளக்கின் திரிபோலத் தூண்டித் தூண்டி, அதன் ஒளியிலேயே இராகம் முழுவதையும் காட்டினான். நான் கண்மூடியிருந்தேன்.

மலர்க்கொடியின் குழுவோ நில்லாது ஓடும் இயல்பினது. சாலையில் பேருந்து ஒலித்தால் அதையும் தாளத்தில் சேர்த்துக்கொண்டு விரைந்தது. ஏழாம் நிமிடம் தூறல் விழுந்தது. தோல் நனைந்து பறையின் குரல் தாழ்ந்தது. வைக்கோலும் நனைந்துவிட்டது.

"அக்கா, பறை எறங்கிக்கினு கீது!" என்றான் தேவாலயத்தில் கிட்டார் வாசிக்கும் ஆல்பர்ட்.

"எறங்கட்டும். நீயும் கூடவே எறங்கி வாடா!"

ஆல்பர்ட் வாசித்தபடியே கம்பிகளைத் தளர்த்தினான். பறை தாழத் தாழக் கிட்டாரும் தாழ்ந்தது. பிழையென்று நாங்கள் அஞ்சியது, மலையிறங்கும் தேர்போல் நிதானமாக, கம்பீரமாக இறங்கிற்று.

அப்போது பார்த்தா, பட்டு அங்கவஸ்திரத்தில் மூடி, எதிர்த் தொழுவத்திலிருந்து உலர்ந்த வைக்கோல் கொண்டு ஓடிவந்தான்.

"இன்னா சாரே, மாடு கட்டவா?"

"பேசாம காய்ச்சு!"

தூறல் ஓய, திடலோரம் தீ எழுந்தது. ஆல்பர்ட் ஒற்றைக் கம்பியில் இசையறாமல் காத்தான். மலர்க்கொடி தோலைத் தீயில் காட்டினாள், விரலால் தட்டினாள், குரல் உயர்ந்தது. கிட்டார் படிப்படியாக ஏறிற்று. இருபதாம் நிமிடம் இரண்டும் நான் பாடிய சுரத்திலேயே வந்து நின்றன.

ஒரு குழு நின்று ஆழம் கண்டது. மற்றொன்று விழுந்த இடத்தையே வழியாக்கியது. தீர்ப்புரைக்க ஒலிவாங்கியை எடுத்தேன். "மலர்க்கொடி!" என்று பார்த்தா முந்திக் கூவினான். திடல் அதிர்ந்தது.

நிறைவுநாளில் பறையைத் தோளில் மாட்டி மேடையின் முதற்படியில் காலூன்றிய மலர்க்கொடி, கூட்டத்தில் நின்ற பார்த்தாவை நோக்கித் திரும்பினாள்.

"வயலின எடுத்துக்கினு மேல வா சாரே. வைக்கோலையும் மறந்துறாத!"