ஒரு தொட்டிக்கு ஒரு இடுக்கி

எனக்குக் கோபம் வந்தால் கிள்ளான் பாசார்ச் சந்தை வரைக்கும் கேட்கும் என்று என் மனைவி சந்திரகலா சொல்வாள். பொய்யில்லை. கடல்மீனும் பவளமும் விற்கும் கடைக்காரனுக்குக் கோபம் வராவிட்டால்தான் அதிசயம். சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்: ஒரு தொட்டிக்கு ஒரு இடுக்கி. நோய்கண்ட பவளத்தைத் தனியாக வைக்கும் தொட்டியின் இடுக்கிக்குச் சிவப்பு டேப். அதை வேறு தொட்டியில் விட்டால் நோயும் கூடவே போகும். ஏழு வருஷமாக என்னிடம் வேலை செய்யும் லோகன் இதற்காக வாங்காத திட்டில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை, பெரிய தொட்டியின் கண்ணாடியில் ஒரு குட்டி நண்டு ஏறிக்கொண்டிருந்தது. பவளத்தின் கிளைக்குள்ளேயே குடியிருக்கிற நண்டு அது. வீடு கெட்டாலொழிய வெளியே வராது. தேடிப் பார்த்தேன். பின்வரிசையில் ஒரு மான்கொம்புப் பவளத்தின் அடியில் பழுப்புக் கூழ் படிந்திருந்தது. மூன்று கிளைகளில் சதை உரிந்து வெள்ளை எலும்பு தெரிந்தது. தனித் தொட்டியில் இருக்கிற அதே நோய்.

அந்தத் தொட்டியிலிருந்த அறுபது துண்டுகளும் விற்பனைக்கு இல்லை. கிழக்குக் கரைத் தீவொன்றில் படகு நங்கூரம் உடைத்துப்போட்டவை. பங்சாரில் வக்கீலாக இருக்கும் பெர்னிஸ், தன் டைவிங் கூட்டாளிகளோடு அனுமதி வாங்கிக் கொண்டுவந்து, "அங்கிள், நீங்கதான் வளர்த்துத் தரணும்," என்று ஒப்படைத்தாள். எட்டு மாதம் வளர்த்தேன். விரலளவு இருந்தவை உள்ளங்கை அளவாகின. மறுநாள் காலை வேன் வரும், பழைய இடத்திலேயே கொண்டுபோய் நடுவார்கள். எனக்கு நீச்சல்கூடத் தெரியாது. ஆனாலும் என் கை வளர்த்தது கடலுக்குப் போகிறது என்று பார்த்தவனிடமெல்லாம் பீற்றியிருந்தேன்.

"லோகன்! செவப்பு டேப் இடுக்கிய இதுல விட்டியா? எத்தன தடவ படிச்சுப் படிச்சுச் சொல்றது?"

அவன் தரையைப் பார்த்தான். "ஞாயித்துக்கிழம நான் லீவு, அண்ணே. திங்கக்கிழம வந்தப்ப அது பெரிய தொட்டி மேலதான் கெடந்துச்சு. கழுவி மாட்டி வச்சேன்."

"அப்பவே ஏன்டா சொல்லல?"

"சொன்னா கத்துவீங்க லா."

ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. பிரிக்பீல்ட்ஸில் கல்யாணம். சந்திரகலா காரிலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தாள். ஒரு துண்டு சாய்ந்து கிடந்தது. கைக்குக் கிடைத்த இடுக்கியை எடுத்து நிமிர்த்திவிட்டு ஓடினேன். சாய்ந்து கிடந்ததும் இதே பின்வரிசைத் துண்டுதான். ஊருக்குத்தான் உபதேசம்!

கெட்டதை எடுத்து வெளியே போட்டேன். மிச்சம் ஐம்பத்தொன்பதும் பளிச்சென்று நின்றன. வாயை மூடிக்கொண்டு வேனில் ஏற்றிவிட்டால் யாருக்குத் தெரியும்? சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் பெர்னிஸ் ஒருமுறை போனில் காட்டிய வீடியோ மனதைவிட்டுப் போகவில்லை. பக்கத்துத் தீவில் நோய் வந்த பவளப்பாறை அது. கிளையெல்லாம் வெளுத்து, மேலே பாசி பிடித்திருந்தது. ஒளிய இடமில்லாத குட்டிமீன்களைப் பெரிய மீன்கள் தின்று தீர்த்தன. பிறகு தின்ன ஒன்றும் இல்லாமல் அவையும் போய்விட்டன. "நாலே மாசம், அங்கிள்," என்றாள் அன்றைக்கு. அந்த நோயை நான் வேனில் ஏற்றி அனுப்புவதா? அவளுக்குப் போன் போட்டேன்.

சாயங்காலம் ஆபீஸ் உடையிலேயே வந்து நின்றாள். "மத்ததெல்லாம் நல்லாதானே இருக்கு, அங்கிள்?"

"எல்லாம் ஒரே தண்ணியில கெடந்துச்சும்மா. எதுல ஒட்டியிருக்குன்னு எனக்குச் சொல்லத் தெரியாது. கடலுக்குப் போகக் கூடாது."

அவள் கண் கலங்கியது. லோகனைப் பார்த்தாள். "யார் பண்ணது?"

லோகன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்காக அந்தப் பழியையும் வாங்கிக்கொள்வான் போலிருந்தது. வெட்கமாகிவிட்டது.

"நான்தாம்மா."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வேன்காரருக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் இன்னும் பதினெட்டில் கூழ் கண்டது. செவ்வாயன்று ஒன்றுகூட மிஞ்சவில்லை. நோய்க்கிருமி சாகட்டும் என்று, குளோரின் கரைத்த வாளியில் ஒவ்வொன்றாக நானே போட்டேன். எட்டு மாதப் பிள்ளைகள். அழுதேன், அதை மறைப்பானேன்.

கடைசித் துண்டை எடுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினேன். அடுத்த தொட்டியில் ஒரு சின்னப் பவளம் கவிழ்ந்து கிடந்தது. யோசிக்காமல் ஈரக் கையை நீட்டினேன்.

"அண்ணே! கைய எடுங்க!"

கடையே அதிர்ந்தது. வாசலில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். லோகன் தன் குரலுக்குத் தானே பயந்து போய் நின்றான்.

நான் கையை இழுத்துக்கொண்டு, சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன்.

"இனிமே இப்படியே கத்துடா," என்றேன்.